ஈரம் காயக் கூடாது

என் வேலை தண்ணீரை வெளியேற்றுவது.
உம்சிண்டோ ஆற்றோர மணல் குழியில்
பதினோரு வருஷமாக நான் பம்பு ஆள்.
குழி வற்றினால் எனக்குச் சம்பளம்.

ஜூலை. கரும்புக் காடுகளைக் கொளுத்தும் மாதம்.
கருஞ்சாம்பல் பறந்து வந்து
தேநீரில் விழும், அப்படியே குடிப்போம்.
அன்று மணலுக்கு அடியில்
நீலக் களிமண் வந்தது.
மண்வாரியின் பல்லில் இரண்டு கட்டைகள் இடறின.
ரெஜி நாயுடு இறங்கிப் பார்த்து
"பழைய ஆலை ரயிலின் ஸ்லீப்பர்" என்றான்.
தூக்கி எறிந்திருப்போம்.
சாப்பாட்டு மணி அடித்ததால் பிழைத்தன.

மூன்றாம் நாள் வந்தவள் டாக்டர் நொம்வூலா.
பலகை போட்டுக் குப்புறப் படுத்து
பல் தேய்க்கும் பிரஷ்ஷால்
களிமண்ணைக் கோதிக்கொண்டிருந்தாள்.
மேல் கட்டையின் வயிற்றில் ஒரு பள்ளம் செதுக்கி
கீழ்க் கட்டையின் முதுகில் உட்கார்த்தியிருந்தது.
அசைத்தால் அசையாது.

"எத்தனை வருஷம்?"
"மூன்று லட்சம். கூடவும் இருக்கலாம்."
எங்கள் குடும்பத்தில் எண்ணிப் பார்த்த பெரிய எண்
கப்பலில் வந்தவனின் கூலித் தகட்டில் இருந்தது.
அதற்கே ஐந்து இலக்கம்தான்.

"மனிதர்களா?"
"நம்மைப் போல இல்லை. நமக்கு முன்னே."
"எதற்குக் கட்டினார்கள்? மீன் பிடிக்கவா,
ஈரத்தில் கால் படாமல் உட்காரவா?"
"தெரியாது" என்றாள்.
அந்தச் சொல்லை அவ்வளவு சந்தோஷமாக
யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து என் வேலை தலைகீழ்.
காற்றுப் பட்டால் கட்டை சுருங்கும், வெடிக்கும்,
பொடியாகும்.
குழாயைத் திருப்பி வைத்தேன்.
இத்தனை காலம் இறைத்துக் கொட்டிய ஆற்றை
சொட்டுச் சொட்டாகத் திரும்பக் கொடுத்தேன்.

நான்காம் இரவு மின்வெட்டு.
ஜெனரேட்டரில் டீசலை யாரோ உறிஞ்சிவிட்டிருந்தார்கள்.
சூலு மொழியில் அவள் பெயருக்கு மழையம்மா என்று பொருளாம்.
"உங்கள் பெயரைக் கொஞ்சம் வேலை செய்யச் சொல்லுங்கள்" என்றேன்.
ஜூலை வானத்தில் நட்சத்திரம் தவிர ஒன்றுமில்லை.

வாளிதான்.
ஆற்றுக்கும் குழிக்கும் நாற்பத்திரண்டு எட்டு.
சாக்கு, என் சட்டை, அவள் குளிக்கும் துண்டு
எல்லாவற்றையும் நனைத்துக் கட்டைமேல் போர்த்தினோம்,
காய்ச்சல்காரனுக்குப் போடுவதுபோல.
இரண்டு மணிக்கு என் கை மரத்துப் போயிற்று.
சொல்லிவிட்டு நின்றேன்.
மரத்து.
உடம்பையும் கட்டை என்றுதான் சொல்கிறோம்,
ஒருநாள் வேகப் போகிறது என்று தெரிந்தே.
இந்தக் கட்டைகள் வேகவில்லை, மக்கவில்லை,
சேற்றில் மூச்சைப் பிடித்துக் கிடந்திருக்கின்றன.

துண்டை மாற்றும்போது டார்ச் சாய்ந்து விழுந்தது.
பக்கவாட்டு வெளிச்சத்தில் பள்ளத்தின் ஓரம் தெரிந்தது.
எட்டு வெட்டு, நெருக்கமாக, ஒரே சாய்வில்.
ஒன்பதாவது மட்டும் விலகி
வெறும் பட்டையைக் கீறிக்கொண்டு போயிருந்தது.
"வழுக்கியிருக்கிறது" என்றாள், வாய் மூடாமல்.
கல் வழுக்கியது.
கை பிசகியது.
அடிபட்டதோ என்னவோ.
அப்போது பேச்சு இருந்ததா என்று கேட்கவில்லை.
சற்று முன் வாளி நழுவி
முழங்காலில் இடித்தபோது
என் வாயிலிருந்து வந்ததும்
எந்தப் பாஷையும் இல்லை.
ஸ்ஸ்.
அவ்வளவுதான்.

பிறகு அந்த இடத்துக்கு மட்டும்
கையால் அள்ளி ஊற்றினேன்.

ஐந்தரைக்கு விளக்கு வந்தது.
பம்பு இருமியது, துப்பியது, பிறகு ஓடியது.
மழையம்மா பலகைமேல் வாயைத் திறந்து தூங்கினாள்.
அவள் தலைமுடியில் கரும்புச் சாம்பல்.
துண்டின் மேலும் நாலைந்து துணுக்கு.
ஊதினால் கலையும் என்று
தண்ணீராலேயே தள்ளிவிட்டேன்.

முதலாளி போன் செய்தார்.
"குழி வற்றியதா?"
"இல்லை" என்றேன்.
"எப்போது வற்றும்?"

குழாயின் வாயை விரலால் கொஞ்சம் அழுத்தினேன்.
தூறல் இன்னும் மெல்லியதாயிற்று.